மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள்; வேலைக்குப் போங்கள்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் (சிறுபான்மைக் கல்லூரி அல்ல) உதவிப் பேராசிரியராக இருக்கிறேன், ஆசிரியர் சங்கக் கிளைச் செயலாளரும் நான்தான். கல்லூரிக் குழு ஓராண்டாகக் கூடவில்லை, சேர்க்கையின்போது ரசீது இல்லாமல் பணம் வாங்குகிறார்கள் என்று கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்குச் சங்கத்தின் பெயரில் மனு அனுப்பினேன். உள்ளூர் நிருபர் ஒருவரிடமும் சொன்னேன். ஜூன் 10 அன்று பணியிடை நீக்கம் செய்தார்கள். இன்று ஆகஸ்ட் 20. குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் இல்லை, பணியிடை நீக்கக் காலத்தில் தர வேண்டிய பிழைப்பூதியமும் இல்லை. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வதாகக் கல்லூரிச் செயலர் சொல்லி அனுப்புகிறார். கேரளத்தில் பாறசாலையில் வேலை பார்க்கும் நண்பர் பல்கலைக்கழகத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்கிறார். இன்னொருவர் தொழிலாளர் நீதிமன்றம் என்கிறார். எங்கே போவது?

பதில்: முதலில், அந்தக் கடிதத்தை எழுதவே எழுதாதீர்கள். இன்று சமாதானம்போலத் தெரியும். நாளை உங்கள் கோப்பில் அது குற்ற ஒப்புதலாக உட்கார்ந்திருக்கும். பணி மேம்பாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

நண்பர் சொல்லும் தீர்ப்பாயம் கேரளப் பல்கலைக்கழகச் சட்டங்களின் கீழ் வருவது. எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருக்கும் உங்கள் கல்லூரிக்குத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1976தான் பொருந்தும். தொழிலாளர் நீதிமன்றமும் வேண்டாம். ஆசிரியர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988இலேயே சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே போய் வருடக்கணக்கில் இழந்தவர்கள் உண்டு.

உங்கள் பலம் 1976 சட்டத்தின் 19ஆம் பிரிவு. கடுமையான ஒழுங்கீனம் குறித்து விசாரணை நடத்தும் எண்ணம் இருந்தால்தான் பணியிடை நீக்கமே செய்யலாம். அது இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்காது. அதற்குள் விசாரணை முடியாவிட்டால், நீங்கள் பணிக்குத் திரும்பிவிட்டதாகவே சட்டம் கருதுகிறது. சட்டம் குறிப்பிடும் 'தகுதி வாய்ந்த அதிகாரி' (competent authority) இன்னும் இரண்டு மாதம் வரை நீட்டிக்கலாம். ஆனால் தாமதத்துக்கு நேரடிக் காரணம் நீங்களாக இருக்க வேண்டும், காரணத்தையும் எழுத்தில் பதிய வேண்டும். குறிப்பாணையே தராதவர்கள் தாமதத்தை உங்கள் தலையில் கட்ட முடியாது. அப்படி நீட்டிப்பு உத்தரவு எதுவும் இல்லையென்றால், ஆகஸ்ட் 10ஓடு உங்கள் பணியிடை நீக்கம் முடிந்துவிட்டது.

ஆகவே நாளைக் காலையே கல்லூரிக்குப் போங்கள். 'பிரிவு 19(3)(ஆ)வின்படி பணிக்குத் திரும்புகிறேன்' என்று பணியேற்பு அறிக்கையை இரண்டு பிரதி எடுத்து, தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தாலோ வருகைப் பதிவேட்டைத் தர மறுத்தாலோ வாக்குவாதம் வேண்டாம். யார், எத்தனை மணிக்கு, என்ன சொல்லி மறுத்தார் என்பதை அந்தப் பிரதியிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். அன்றே செயலருக்கும் முதல்வருக்கும் திருநெல்வேலி இணை இயக்குநருக்கும் மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலிலும் அனுப்புங்கள். பல வழக்குகள் தடுமாறுவது இங்கேதான். 'அவர் வேலைக்கு வரவே இல்லை' என்று நிர்வாகம் சொல்லும்போது மறுக்கக் கையில் தாள் இருக்காது.

இணை இயக்குநருக்கான கடிதத்தில் இரண்டு கோரிக்கை போதும்: மாதச் சம்பளப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்க உத்தரவிட வேண்டும், ஜூன் 10 முதலான பிழைப்பூதியத்தை வழங்கச் செய்ய வேண்டும். கூடவே, நீட்டிப்புக் கேட்டுக் கல்லூரி ஏதாவது எழுதியதா என்று 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள். பதில் தர 30 நாள் கெடு. ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் அசைவில்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் நீதிப்பேராணை (ரிட்) மனு. தனியார் நிர்வாகத்தின் மீது ரிட் செல்லாது என்பார்கள். வெறும் ஒப்பந்த வேலைக்கு அது பொருந்தலாம். சட்டம் தந்த பாதுகாப்பை மீறும்போது பொருந்தாது.

பேசியதில் எது பாதுகாப்பு, எது பலவீனம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இணை இயக்குநருக்கு அனுப்பிய மனு வலுவானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகளில் உள்ள தொழில் அறநெறியே, ஆசிரியர் நலனுக்கு எதிரான விதிகளை மாற்ற நிறுவன அமைப்புகள் வழியாகவும் தொழில்சார் அமைப்புகள் வழியாகவும் முயலலாம் என்கிறது. சங்கம் அந்த அமைப்புதான். மனு அனுப்புவதென்று முடிவெடுத்த கிளைக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகப் பக்கத்தை நகலெடுத்து வையுங்கள். நிருபரிடம் பேசியது அவ்வளவு வலுவானதல்ல. நடத்தை விதியை அங்கே பிடிப்பார்கள். ரசீதில்லா வசூலுக்குப் பெற்றோர் யாராவது எழுதித் தந்தால் நிலைமை மாறும். அதுவரை வாட்ஸ்அப் குழுக்களில் அதைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.

பணிக்குத் திரும்பினாலும் விசாரணை செத்துவிடாது. குறிப்பாணை வந்தால், ஆதார ஆவணங்களின் நகலை எழுத்தில் கேட்டுவிட்டுப் பதில் கொடுங்கள். புகார் கொடுத்தவரே விசாரணை அலுவலராக வந்தால் முதல் நாளே ஆட்சேபம் பதியுங்கள். பிழைப்பூதியம் தராமல் ஒருதலையாக நடத்திய விசாரணையை பால் அந்தோணி வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விசாரணை அறிக்கையின் நகலைத் தந்து உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே தண்டனை பற்றி முடிவெடுக்கலாம் என்பது கருணாகர் வழக்கு (1993). பணிநீக்கம் என்று போனால் தகுதி வாய்ந்த அதிகாரியின் முன் ஒப்புதல் இல்லாமல் அந்த உத்தரவு நிற்காது.