ஒரு வருட ஹானர்ஸுக்கு 48 லட்சம்: வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். எனக்கு 54 வயது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கைக்கு 56,000 ரூபாய் வருகிறது, ஆண்டு வருமானம் 7.6 லட்சம். 58 வயதில் ஓய்வு. மகள் 2023-இல் பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்து மூன்று வருஷத்தை நல்ல மார்க்கோடு முடித்துவிட்டாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் 4.2 லட்சம் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் அவளுக்கு மேலே படிக்க ஆசை. ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகம் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஹானர்ஸ் ஒரு வருடப் படிப்புக்கு இடம் கொடுத்திருக்கிறது. கட்டணம் 48,000 ஆஸ்திரேலிய டாலர். அதில் 24,000 டாலரை மூன்று வாரத்துக்குள் முன்பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். முதல் வகுப்பில் தேறினால் இந்தியர்களுக்கு 3 வருஷம் வேலை விசா உண்டு, கடனை அங்கேயே அடைத்துவிடலாம், வட்டிக்கு வரிச் சலுகையும் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொல்கிறார். பிஎஃப்பில் 19 லட்சம், எஃப்டியில் 6 லட்சம், மனைவியிடம் 25 பவுன் நகை இருக்கிறது. வீடு சொந்தம், ஆனால் பி காத்தா, அதாவது முழு அங்கீகாரம் இல்லாத சொத்து என்ற மாநகராட்சிப் பதிவில் இருக்கிறது. மகன் இரண்டாம் பியூசி (பிளஸ் டூ) படிக்கிறான். முன்பணத்துக்குப் பிஎஃப்பில் எடுத்துக்கொண்டு, மீதிக்கு வீட்டின் பேரில் கடன் வாங்கலாமா?

பதில்: வணக்கம் ஐயா. முதலில் விசா விஷயத்தைப் பேசிவிடலாம். உங்கள் திட்டம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. அந்த முன்பணத்தைக் கட்டுவதற்கு முன் இது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெளிவாகிவிட வேண்டும்.

ஏஜென்ட் சொன்ன சலுகை உண்மையில் இருக்கிறது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கம்ப்யூட்டர் துறை உள்ளிட்ட சில துறைகளில் முதல் வகுப்பு ஹானர்ஸ் பட்டம் வாங்கிய இந்தியர்கள் 3 வருஷம் வரை அங்கே தங்கி வேலை பார்க்கலாம். ஆனால் அந்த விசாவுக்கு இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலேயே குறைந்தது இரண்டு கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். அவர்கள் கணக்கில் அது 92 வாரப் படிப்பு. ஹானர்ஸ் ஒரு வருஷம்தான். அங்கேயே மூன்று வருட இளங்கலை முடித்துவிட்டு ஹானர்ஸ் படிக்கும் இந்திய மாணவருக்கு அந்தச் சலுகை சரியாகப் பொருந்தும். பெங்களூரில் பட்டம் வாங்கிவிட்டு ஹானர்ஸுக்கு மட்டும் போகிற உங்கள் மகளுக்கு, இந்த ஒரு படிப்பை வைத்துக்கொண்டு அந்த விசா கிடைக்காது. படிப்பு முடிந்ததும் அங்கே வேறு படிப்பில் சேர வேண்டும், இல்லையென்றால் திரும்பி வர வேண்டும். இதை ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கும் மகளையே ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் ஹானர்ஸ் எதற்கு? அது ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கான வருஷம். ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் ஒரு தலைப்பை எடுத்து ஆய்வேடு எழுத வேண்டும், கூடவே சில மேல்நிலைப் பாடங்கள். அதில் முதல் வகுப்பு வாங்கினால், பெரும்பாலும் 80 மதிப்பெண்ணுக்கு மேல், முதுகலை படிக்காமலே நேராகப் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லாமல் உதவித்தொகையோடு படிக்கும் வாய்ப்பும் உண்டு, ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே போட்டி கடுமை. நேராக வேலைக்குப் போக நினைப்பவருக்கு இந்தப் பட்டம் பெரிதாக எதையும் கூட்டித் தராது. இந்தியாவில் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு முதுகலைப் பட்டம் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் பட்டங்களுக்கான தர நிலைகளிலேயே ஹானர்ஸ் 8-ஆம் நிலை, முதுகலை அதற்கு ஒரு படி மேலே 9-ஆம் நிலை.

இப்போது பணம். ஒரு ஆஸ்திரேலிய டாலரை 58 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 27.84 லட்சம். ஒரு வருஷம் தங்கிச் சாப்பிட 29,710 டாலர் கையில் இருப்பதாக அந்த நாட்டு அரசு காட்டச் சொல்கிறது, அது 17.23 லட்சம். விசா விண்ணப்பத்துக்கு மட்டும் 2,000 டாலர், 1.16 லட்சம். டிக்கெட், மருத்துவக் காப்பீடு, துணிமணி என்று ஒன்றரை லட்சமாவது போகும். கிட்டத்தட்ட 48 லட்சம். ஏஜென்ட் உங்களிடம் கட்டணத்தை மட்டும்தான் பெரிதாகப் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். மீதி 20 லட்சமும் இதே பணப்பையிலிருந்துதான் போக வேண்டும்.

அதில் 40 லட்சத்தை 11 சதவீத வட்டியில் கடனாக வாங்குவதாக வைப்போம். படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்று வங்கி சொல்லும். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷத்தில் தனிவட்டியாகவே 8.8 லட்சம் சேர்ந்து, கடன் 48.8 லட்சமாகிவிடும். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 67,000 ரூபாய். உங்கள் கைக்கு வரும் சம்பளமே 56,000. தவணை தொடங்கும்போது உங்களுக்கு 56 வயது, முடியும்போது 66. நடுவில் எட்டு வருஷம் சம்பளமே கிடையாது. கடனில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். மகளால் கட்ட முடியாத மாதத்தில் வங்கி உங்களைத்தான் தேடி வரும்.

வீட்டின் பேரில் கடன் என்கிறீர்கள். பி காத்தா வீட்டைப் பெரும்பாலான வங்கிகள் அடமானமாக எடுப்பதில்லை. எடுப்பது சில தனியார் நிதி நிறுவனங்கள், அங்கே வட்டி கூடுதல். பி காத்தாவை ஏ காத்தாவாக மாற்றும் திட்டத்தைக் கர்நாடக அரசு 2025-இல் கொண்டுவந்தது. அதைச் செய்துகொள்வது நல்லது, உங்கள் வீட்டுக்கே அது பாதுகாப்பு. ஆனால் அதற்கும் கட்டணம் உண்டு, காலம் ஆகும். மூன்று வார அவசரத்தில் நடக்கிற காரியம் இல்லை. காத்தா மாறிய பிறகும், நீங்கள் குடியிருக்கிற ஒரே வீட்டை இந்தப் படிப்புக்காக அடமானம் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வரிச் சலுகையைப் பற்றி இரண்டு வரி. கல்விக் கடன் வட்டிக்கான கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை, உங்கள் வருமானம் அதற்குள் வந்துவிடுகிறது. கட்டாத வரியில் எதை மிச்சப்படுத்துவது? அதனால் அந்தச் சலுகையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பிஎஃப்பைத் தொட வேண்டாம். 2024-25 ஆண்டுக்கு அதில் 8.25 சதவீதம் வட்டி கொடுத்தார்கள். அதே வீதம் தொடர்ந்தால் இன்று எடுக்க நினைக்கிற 10 லட்சம், நீங்கள் ஓய்வு பெறும்போது 13.7 லட்சமாக இருக்கும். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் முதுமையில் கை கொடுக்கப் போவது அந்தப் பணம்தான். அப்புறம், மகனுக்கு அடுத்த வருஷம் சிஇடி நுழைவுத் தேர்வு எழுதிக் கல்லூரி சேரும் நேரம். எஃப்டியில் 3 லட்சத்தை அவனுக்கென்று ஒதுக்குங்கள், மீதி 3 லட்சம் வீட்டு அவசரத்துக்கு. அக்காவின் ஒரு வருடப் படிப்புக்காகத் தம்பியின் நாலு வருடப் படிப்பு குறுகிப்போகக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. விசாவுக்கு வங்கிக் கணக்கில் பணம் காட்ட வேண்டும், அதைக் கமிஷனுக்கு ஏற்பாடு செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் விசா மறுப்போடு மூன்று வருஷத் தடையும் வரலாம். அது மகளின் பெயரில்தான் பதிவாகும். பகுதி நேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்ற பேச்சும் அப்படித்தான். கல்லூரி நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. ஆய்வேடு எழுதும் வருஷத்தில் அதையும் முழுதாகச் செய்தால், முதல் வகுப்பு கைநழுவிப் போகும். முதல் வகுப்பு இல்லாத ஹானர்ஸுக்கு இவ்வளவு பணம் போடுவதில் அர்த்தமே இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு மகளிடம் 'வேண்டாம்மா' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவளுடைய ஆசை நல்ல ஆசை, அதற்கு இங்கேயே வழிகள் இருக்கின்றன. முதலில் அவளிடம் ஒன்று கேளுங்கள்: எந்தத் தலைப்பில் ஆராய்ச்சி செய்ய நினைக்கிறாய், அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரிடம்? பதில் தெளிவாக வந்தால் அவள் ஆராய்ச்சிக்குப் போக வேண்டிய பெண். வெளிநாடு, நல்ல வேலை என்று மட்டும் வந்தால், கையில் இருக்கிற எலெக்ட்ரானிக் சிட்டி வேலையிலிருந்தே அதற்கு வழி தேடலாம்.

ஆராய்ச்சிதான் என்றால், அவள் கல்லூரிக்கே போய் நான்காம் ஆண்டு நடக்கிறதா என்று விசாரியுங்கள். கர்நாடகம் 2024-இல் மூன்று வருடப் பட்டத்துக்கே திரும்பிவிட்டாலும், 2021 முதல் 2023 வரை சேர்ந்தவர்கள் புதிய கல்விக் கொள்கையின் கீழ் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு நான்காம் ஆண்டு ஹானர்ஸ் வழி உண்டு. எல்லாக் கல்லூரியிலும் அது நடப்பதில்லை. நடந்தால், வீட்டிலிருந்தே போய்வந்து அதே ஹானர்ஸ் பட்டம் வாங்கலாம். நான்கு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்களை யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதவும் பிஎச்டிக்குப் போகவும் அனுமதிக்கிறார்கள்.

அது இல்லையென்றால் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தில் எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிறது. மூன்று வருட பிஎஸ்சி படித்தவர்களையும் நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கோட்பாட்டுக் கணினியியலில் நாட்டின் முன்னணி இடங்களில் ஒன்று. அல்லது எம்சிஏ சேர்க்கைக்கான நிம்செட் நுழைவுத் தேர்வு எழுதி திருச்சி, சூரத்கல் என்ஐடிகளில் எம்சிஏ. என்ஐடி போன்ற தரப் பட்டியலில் உள்ள நிறுவனங்களில் சேர்ந்தால் பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் அடமானம் இல்லாமல் கடன் வாங்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டியை அரசு ஏற்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. முதுகலைக்குப் பிறகு, உங்கள் ஊரிலேயே இருக்கிற ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் பிஎச்டி கிடைத்தால் கட்டணத்துக்குக் கை நீட்ட வேண்டாம். மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை இப்போது முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000. ஆஸ்திரேலியாதான் வேண்டும் என்றால், ஆய்வேட்டோடு கூடிய முதுகலையை இங்கே முடித்துவிட்டு, அங்கே உதவித்தொகையோடு பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். 48 லட்சம் கொடுத்துத் திறக்கப் பார்க்கிற அதே கதவுதான் அது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மகளை இப்போது வேலையில் சேரச் சொல்வேன். கைக்கு மாதம் 30,000-க்கு மேல் வரும், அதில் 15,000 சேர்த்தால் ஒரு வருஷத்தில் 1.8 லட்சம். அது அவள் பணம், அவள் படிப்புக்கு. கூடவே நுழைவுத் தேர்வுகளுக்குப் படிக்கட்டும். வேலையில் சேரும் முன் பாண்ட், அதாவது இவ்வளவு காலம் வேலையை விடக் கூடாது என்ற ஒப்பந்தம், ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் படிக்கப் போகும்போது அது குறுக்கே வரக் கூடாது.

ஆஸ்திரேலிய இடத்தை உடனே வேண்டாம் என்று எழுத வேண்டியதில்லை. அடுத்த சேர்க்கைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு காரணத்தால் முன்பணம் கட்டுவது என்றே முடிவு செய்தால், கட்டுவதற்கு முன் அனுமதிக் கடிதத்தில் பணம் திரும்பத் தருவது பற்றிய பக்கத்தைப் படியுங்கள். விசா மறுத்தால் எவ்வளவு திரும்ப வரும், நாமாக விலகினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று அதில் தனித்தனியாக இருக்கும். அந்தப் பக்கம் புரியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.