பினாங்கில் முதல் பருவம்: உயிரியலையும் வேதியியலையும் எங்கே பிடிப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். திருவாரூர்ப் பக்கம் தமிழ்வழியில் பன்னிரண்டாவது முடித்து, சில வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது பினாங்கில் பார்மசி படிப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் பருவத்திலேயே உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல் மூன்றும் வருகின்றன. கூடப் படிப்பவர்களுக்கு எல்லாம் தெரிகிறது, எனக்குப் படித்ததே மறந்துவிட்டது, டியூஷன் சேரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் தமிழ்வழியில் படித்து இந்த ஊருக்கு வந்தவள்தான். இப்போது பாயான் லெப்பாஸில் ஓர் ஆய்வகத்தில் வேலை.

முதலில் கூடப் படிப்பவர்கள் விஷயம். உங்கள் வகுப்பில் எஸ்டிபிஎம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மலேசியப் பரீட்சை, எழுதிவிட்டு வந்தவர்கள் இருப்பார்கள். அந்தப் படிப்பு மூன்று பருவம். மூன்றாவதில் வேதியியல் என்றாலே கரிம வேதியியல்தான். சில மாதம் முன்புதான் அதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறார்கள், அதனால் நாக்கு நுனியில் நிற்கிறது. உங்களுக்கு வருடங்கள் ஓடிவிட்டன. வித்தியாசம் அவ்வளவுதான், மூளையில் இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப் பள்ளியில் மலாய், இப்போது ஆங்கிலம் என்று அவர்களில் பலரும் மொழி மாறி மாறித்தான் வந்திருக்கிறார்கள். கேட்டால் கூச்சமில்லாமல் சொல்லித் தருவார்கள். சுங்கை டுவா ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) ஒரு தே தாரிக்கை, அதாவது நுரை பொங்க ஆற்றிய பால் டீயை, வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு அத்தியாயம் நகர்ந்துவிடும்.

புத்தகத்தைப் பொறுத்தவரை, பல்கலைக்கழகம் சொன்ன தடிமனான புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். நம் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அலகுகளின் வரிசையும் ஒன்றேதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். 2018இல் வந்த பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் 8ஆவது அலகு சமநிலை, 10ஆவது வேதிப்பிணைப்பு, 12ஆவது கரிம வினைகளின் அடிப்படை. பன்னிரண்டில் 8ஆவது அயனிச் சமநிலை. இந்த நான்கையும் முடித்துவிட்டு மோல் கணக்கைக் கை பழகும் வரை போடுங்கள். மற்றவை காத்திருக்கும்.

அடுத்து நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று பாடத்தையும் மூன்று நோட்டில் படிக்காதீர்கள். ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு மூன்றையும் அதன் வழியாகப் பாருங்கள். பார்மசிக்காரருக்கு ஆஸ்பிரினை விடப் பொருத்தமானது இல்லை.

ஆய்வகத்தில் ஆஸ்பிரின் செய்ய 2.00 கிராம் சாலிசிலிக் அமிலம் தருவார்கள். அதன் மோலார் நிறை (ஒரு மோல் எத்தனை கிராம் என்பது) 138.1, ஆக 0.0145 மோல். ஆஸ்பிரினின் மோலார் நிறை 180.2. அதோடு வினைபுரியும் அசிட்டிக் நீரிலி தேவைக்கு மேல் இருப்பதால், முழுக்க மாறினால் கிடைக்க வேண்டியது 2.61 கிராம். உங்கள் வடிதாளில் 2.0 கிராம்தான் தேறியது என்றால் விளைச்சல் 77 சதவீதம். பொது வேதியியலின் பாதி இந்தக் கணக்கிலேயே வந்துவிட்டது.

இப்போது அந்தக் குடுவைக்குள் என்ன நடந்தது? சாலிசிலிக் அமிலத்தின் பீனால் ஆக்சிஜனில் தனி எலக்ட்ரான் இரட்டை இருக்கிறது. நீரிலியின் கார்பனைல் கார்பனில் எலக்ட்ரான் குறைவு, காரணம் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜன்கள் இழுத்துக்கொள்கின்றன. பாஸ்பாரிக் அமிலம் சில சொட்டு விட்டால் அந்தக் குறை இன்னும் கூடும். ஆகவே எலக்ட்ரான் நகர்வதைக் காட்டும் வளைந்த அம்புக்குறி பீனால் ஆக்சிஜனில் தொடங்கி அந்தக் கார்பனில் முடிய வேண்டும். அம்பு எப்போதும் எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்துதான் கிளம்பும், நேர்மின் சுமையிலிருந்து ஒருபோதும் கிளம்பாது. இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் கரிம வேதியியலில் மனப்பாடம் பாதியாகக் குறையும். கிடைத்த படிகத்தில் ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விடுங்கள். ஊதா நிறம் வந்தால் வினைபுரியாத சாலிசிலிக் அமிலம் மிச்சம் இருக்கிறது. பீனால் தொகுதி மூடப்படாமல் நிற்கிறது என்று பொருள்.

அதே மாத்திரையை ஒருவர் விழுங்குகிறார். ஆஸ்பிரினின் பிகேஏ, அதாவது அதன் மூலக்கூறுகளில் பாதி அயனியாகப் பிரிந்திருக்கும் பிஎச் (அமிலத்தன்மை அளவு), 3.5. இரைப்பையின் பிஎச் 1.5 என்று வைத்துக்கொண்டால் நூற்றில் ஏறக்குறைய ஒரு மூலக்கூறுதான் அயனியாகப் பிரிந்திருக்கும். இரத்தத்தின் பிஎச் 7.4இல் கதை தலைகீழ்: பிரியாத ஒன்றுக்குப் பிரிந்தவை கிட்டத்தட்ட 8,000. செல் சவ்வு கொழுப்பால் ஆனது, மின்சுமை உள்ளதை எளிதில் விடாது என்று உயிரியலில் படிக்கிறோமே, அது இங்கேதான் உயிர் பெறுகிறது. ஆனாலும் மருந்து அதிகம் உறிஞ்சப்படுவது சிறுகுடலில். அயனியாகப் பிரிவது அங்கே கூடினாலும், அதன் உட்பரப்பு அத்தனை பெரிது.

இரத்தத்தில் போன ஆஸ்பிரின் சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியிடம் போகிறது. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாக உதவுவது அதுதான். அந்த நொதியில் செரின் என்ற அமினோ அமிலத்தின் ஆக்சிஜன், நீரிலியிலிருந்து ஆஸ்பிரினுக்கு வந்த அசிட்டைல் தொகுதியைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. குடுவையில் நீங்கள் வரைந்த அதே அம்புக்குறிதான்! நொதி நிரந்தரமாக அடைபட்டுவிடுகிறது. மற்ற செல்கள் டிஎன்ஏவைப் பார்த்துப் புது நொதி செய்துகொள்ளும். இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகளுக்கு உட்கருவே இல்லை, அவற்றால் முடியாது. அதனால்தான் ஒரு சிறிய மாத்திரையின் தாக்கம் அந்தத் தட்டுகளின் ஆயுள் முழுக்க, 7 முதல் 10 நாள் வரை, நிற்கிறது. இதய நோயாளிகளுக்குக் குறைந்த அளவில் தருவதும், அறுவை சிகிச்சைக்கு முன் நிறுத்தலாமா என்று மருத்துவர்கள் யோசிப்பதும் இதனால்தான். ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971இல் காட்டிய பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

உயிரியலில் முதலில் தொட வேண்டியவையும் இவைதான்: சவ்வு, நொதி, டிஎன்ஏவிலிருந்து புரதம் வரை. வகைப்பாட்டியலைப் பரீட்சைக்கு முந்தைய வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

டியூஷனுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம், அதுவும் ரிங்கிட் கணக்கில் செலவு பழகாத இந்த நேரத்தில். முதல் மாதம் விரிவுரையாளரின் அறைக் கதவைத் தட்டுங்கள். இங்கே மாணவர் வந்து கேட்பதை யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். போகுமுன் ஒரு மின்னஞ்சல் போட்டு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது வெறுங்கையோடு போய் "புரியவில்லை" என்று நிற்காமல், நீங்கள் வரைந்த அம்புக்குறித் தாளையே எடுத்துப் போய் எந்த அம்பு தவறு என்று கேளுங்கள். முதல் தேர்வு முடிந்தும் மோல் கணக்கும் சமநிலையும் ஏறவில்லை என்றால், அப்போது அந்த இரண்டுக்கு மட்டும் ஆள் வைத்துப் படியுங்கள்.