டர்பனில் தனியாக இருக்கும் 78 வயது அத்தை, தன் வீட்டிலேயே தொடர்ந்து வாழ உள்ளூரில் என்ன உதவிகள் கிடைக்கும்?

நீங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறீர்கள். உங்கள் கணவரின் அத்தை டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் தனியாக இருக்கிறார். மாமா தவறிவிட்டார், பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார்கள். முதியோர் இல்லம் என்ற பேச்சை எடுத்தாலே அத்தை எழுந்து உள்ளே போய்விடுகிறார். முழுநேர நர்ஸ் வைக்க வேண்டுமா, வேறு வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் உங்களைப் போல் தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவள். என் மாமியாருக்கு 82 வயது. சாட்ஸ்வர்த்தின் கிராஃப்ட்டீன் பகுதியில் தன் வீட்டில் தனியாக வாழ்கிறார். நாங்கள் இருப்பது காரில் பத்து நிமிடத் தொலைவில். எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தில் புதன்கிழமைதோறும் கூடும் மூத்தோர் மன்றத்தில் நான் கூடமாட உதவி செய்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதலில் நர்ஸைத் தேடாதீர்கள். அத்தை வரவில்லை என்றால் ‘ஏன் வரவில்லை’ என்று அரை மணி நேரத்துக்குள் கேட்கக்கூடிய ஓர் இடத்தைத் தேடுங்கள். மற்ற எல்லா உதவிகளும் பெரும்பாலும் அந்த இடத்தின் வழியாகத்தான் வந்து சேரும்.

அத்தை ஏன் எழுந்து உள்ளே போகிறார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவர் வயதுக்காரர்கள் பலர் சின்ன வயதில் டர்பனில் இந்தியர்கள் வாழ்ந்த கேட்டோ மேனரிலோ மேகசின் பாரக்ஸிலோ வளர்ந்தவர்கள். எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி, 1960-களில் அந்தக் குடும்பங்களைப் பெயர்த்து சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். நகராட்சி கட்டிய சின்ன வீட்டுக்குப் பின்கட்டு எழுப்பி, கறிவேப்பிலையும் முருங்கையும் வைத்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து, அதைத் தங்கள் வீடாக ஆக்கிக்கொண்டவர்கள் அவர்கள். ‘உங்கள் நன்மைக்காகத்தான் இடம் மாறச் சொல்கிறோம்’ என்ற வார்த்தையை அவர்கள் ஏற்கெனவே ஒரு முறை கேட்டவர்கள். என் மாமியார் இதை வாய்விட்டே சொல்லியிருக்கிறார். ஆகவே அத்தையின் மறுப்பைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. 2006-இல் இயற்றப்பட்டு 2010-இல் நடைமுறைக்கு வந்த மூத்தோர் சட்டத்தின்படி, சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இருக்கும் ஒருவரை அவருடைய சம்மதமில்லாமல் இல்லத்தில் சேர்க்க முடியாது. முதியவர்கள் கூடுமானவரை தம் வீட்டிலும் தம் சமூகத்திலும் வாழ உதவ வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் நோக்கமே.

இனி மன்றத்தைப் பற்றி. சாட்ஸ்வர்த்தில் கோயில், தேவாலயம், சமூகக் கூடம் என்று பல இடங்களில் இவை நடக்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் உடற்பயிற்சி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, பஜனை, மதியச் சாப்பாடு என்று போகும். எங்கள் மன்றத்தில் ஒரு வருகை நோட்டு உண்டு. பத்து மணிக்கு அதைப் பார்த்து, வராதவர் வீட்டுக்கு ஒருவர் போன் செய்வார். எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குப் போன் போகும். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் பக்கத்து வீட்டு எண்ணை எழுதி வைத்திருக்கிறோம். குளியலறையில் விழுந்து எழ முடியாமல் கிடந்த ஒரு பாட்டியை இந்த நோட்டு காப்பாற்றியது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் இரவு போன் செய்யும்போதுதான் தெரிந்திருக்கும் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

‘எனக்கு அங்கே என்ன வேலை’ என்று அத்தை சொல்வார். என் மாமியாரும் அதையேதான் சொன்னார். சாப்பிட வாருங்கள் என்று அழைத்தால் வரமாட்டார்கள், அதைத் தானம் வாங்குவதாக நினைப்பார்கள். உதவ வாருங்கள் என்று அழைத்தால் வருவார்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் சமயம் மன்றத்திலிருந்து ஆள் என் மாமியாரிடம் போய், மக்காச்சோள மாவைப் புளிக்க வைக்கும் பக்குவம் இப்போதுள்ளவர்களுக்குத் தெரியவில்லை, நீங்கள் வந்து காட்டுங்கள் என்று கேட்டார்கள். அன்று போனவர்தான். இப்போது அடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தயிர் எவ்வளவு, வெங்காயம் எவ்வளவு என்று ஐம்பது வயதுப் பெண்களை அதட்டிக்கொண்டிருக்கிறார். புதன்கிழமை காலை ஏழு மணிக்கே புடவை கட்டித் தயாராகிவிடுகிறார். கால் வலிக்கு டாக்டர் கொடுத்த எந்த மாத்திரையும் செய்யாததை அந்தப் புதன்கிழமை செய்கிறது. உங்கள் அத்தைக்கு என்ன தெரியும் என்று யோசியுங்கள். தையலா, தேவாரமா, ஊறுகாயா? அதைச் சொல்லித்தான் அவரை அழைக்க வேண்டும்.

அடுத்து பணம். அத்தை அரசு முதியோர் உதவித்தொகை வாங்குகிறாரா என்று பாருங்கள். 60 வயது தாண்டிய, வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருப்பவர்களுக்கு சாசா (அரசின் சமூகப் பாதுகாப்பு முகமை) அலுவலகம் கொடுப்பது. 2025 ஏப்ரலில் அது மாதம் 2,315 ராண்ட், 75 தாண்டியவர்களுக்கு 20 ராண்ட் கூடுதல். சொந்த வீடு இருப்பதால் கிடைக்காது என்று பலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். தான் குடியிருக்கும் வீட்டை அவர்கள் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தத் தொகை வாங்குபவருக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் இலவசம். டர்பனை நிர்வகிக்கும் ஈதேக்வினி மாநகராட்சியில் ஓய்வூதியர்களுக்கு வீட்டு வரிச் சலுகையும் உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, துணைப் பராமரிப்புக்கான கூடுதல் உதவித்தொகை. முதியோர் தொகை வாங்கும் ஒருவர், இன்னொருவரின் முழுநேரக் கவனிப்பு இல்லாமல் இருக்க முடியாது என்று மருத்துவச் சான்று இருந்தால் இதைக் கேட்கலாம். 2025 ஏப்ரலில் அது 560 ராண்ட். அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ராண்ட் 79 சென்ட். வகுத்துப் பாருங்கள், மாதத்துக்குப் பத்தொன்பது மணி நேர உதவிதான் வரும். ‘முழுநேரக் கவனிப்பு தேவை’ என்று ஒப்புக்கொண்ட அரசு அதற்குக் கொடுப்பது இவ்வளவுதான் என்பது எனக்கு ஆறாத கோபம். ஆனாலும் வாங்குங்கள். வாரத்தில் இரண்டு காலைகள், இரண்டு மணி நேரம் வீதம், குளிக்க வைக்க ஒருவர் வருவது அற்பமான விஷயமில்லை. இப்போது அத்தை தன் வேலைகளைத் தானே செய்கிறார் என்றால் இது கிடைக்காது. நிலைமை மாறும்போது நினைவில் இருக்கட்டும்.

அத்தையின் உதவித்தொகை அட்டை யார் கையில் இருக்கிறது? இதைத் தயங்காமல் கேளுங்கள். சாட்ஸ்வர்த்தில் போதைப்பொருள் எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். மாதத் தொடக்கத்தில் பேரன் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போகும் வீடுகள் உண்டு. வட்டிக்கடைக்காரன் அட்டையை அடகாக வைத்துக்கொள்வதும் உண்டு, அது சட்டப்படி குற்றம். முதியவரைத் துன்புறுத்துகிறார்கள் என்று சந்தேகம் வந்தாலே சமூக மேம்பாட்டுத் துறைக்கோ காவல்துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது மூத்தோர் சட்டம். ‘வீட்டு விஷயம், வெளியே சொல்லக் கூடாது’ என்று நம் ஆட்கள் மூடி மறைப்பதால்தான் அந்தப் பாட்டிகள் பட்டினி கிடக்கிறார்கள்.

மருந்து வாங்கும் வேலையை எளிதாக்க ஒரு வழி இருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவை கட்டுக்குள் இருக்கும் நோயாளிகள் மாதாமாதம் அரசு மருத்துவமனை வரிசையில் விடியற்காலையிலிருந்து காத்திருக்க வேண்டாம். 2014-இல் தொடங்கிய மருந்து விநியோகத் திட்டத்தில் பதிந்துகொண்டால், வீட்டருகே உள்ள மருந்துக் கடை போன்ற இடத்தில் பொட்டலமாகக் கட்டி வைத்திருப்பார்கள். டப்லாப் மெட்ஸ் என்று பலகை இருக்கும். அடுத்த முறை கிளினிக் போகும்போது நர்ஸிடம் கேளுங்கள், அவர்கள்தான் பதிந்து கொடுப்பார்கள். கைத்தடி, நடைச்சட்டம் போன்றவற்றையும் காசு கொடுத்து வாங்கும் முன் அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

வீட்டு வேலைகளில் மூன்றை மட்டும் உடனே செய்யுங்கள்: சாலையிலிருந்து வாசலுக்கு இறங்கும் படிகளுக்கு இருபக்கமும் கைப்பிடி, குளியலறைச் சுவரில் பிடிகம்பி, மாடி வீடாக இருந்தால் கட்டிலைக் கீழே இறக்குவது. சாட்ஸ்வர்த் மேடும் பள்ளமுமான ஊர். வீட்டுக்குள் விழுபவர்களைவிட அந்த வெளிப்படிகளில் விழுபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தண்ணீரையும் யோசியுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனின் பல பகுதிகளில் வாரக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை, டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் மாதக்கணக்கில் வரவில்லை. லாரி வந்து நின்றாலும் 78 வயதில் வாளியைத் தூக்கிக்கொண்டு படி இறங்க முடியுமா? யார் வீட்டுப் பையன் தூக்கிவந்து கொடுப்பான் என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

அத்தையின் வீடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடு என்றால் பாதிக் கவலை விட்டது. என் மாமியாரும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். காலை ஏழு மணிக்குள் சமையலறைத் திரை விலகியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆன்ட்டி சுவரில் தட்டுவார். பதில் தட்டு வரவில்லை என்றால் அவரிடம் உள்ள சாவியால் திறந்து உள்ளே போவார். அந்த ஆன்ட்டி முஸ்லிம். பெருநாளுக்கு பிரியாணி இந்தப் பக்கம் வரும், தீபாவளிக்கு முறுக்கு அந்தப் பக்கம் போகும். அத்தையின் இரண்டு பக்கத்திலும் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த முறை டர்பன் வரும்போது ஒரு டப்பா இனிப்போடு போய்ப் பாருங்கள். அவர்கள் எண் உங்கள் போனில் இருக்க வேண்டும்.

சம்பளத்துக்கு ஆள் வைக்கும் நிலை வந்தால், டர்பனில் டாஃப்டா என்ற பழைய தொண்டு நிறுவனம் இருக்கிறது. 1958-இலிருந்து முதியவர்களுக்காகவே இயங்குகிறது. வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவருவது, வீட்டில் வந்து பராமரிப்பது பற்றி முதலில் அவர்களிடம் விசாரியுங்கள். வேறு எந்த அமைப்பாக இருந்தாலும், வீட்டுப் பராமரிப்புச் சேவைக்கு சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பது அத்தையாக இருக்கட்டும். நீங்கள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பினால் அந்தப் பெண் அத்தையின் கண்ணுக்கு உங்கள் உளவாளியாகத்தான் தெரிவாள். என் மாமியாரிடம் வருபவர் ஒரு ஜூலுப் பெண். வேலைக்குச் சேரும் முன் இரண்டு பேரும் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி தங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்தப் பேச்சிலேயே முடிவாகிவிட்டது. அவருடைய கூலியையும் பஸ் செலவையும் ஒருபோதும் தாமதிக்காமல் கொடுக்கிறோம்.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த நாட்டில் அத்தை எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம், அவர் நினைவு தப்பி, முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டால் செல்லாது. பிள்ளைகளில் பலர் வங்கியில் போய் நிற்கும்போதுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள். அதன்பின் நீதிமன்றம் வரை போக வேண்டிவரும். இப்போது அத்தை தெளிவாக இருக்கிறார். உயில், வங்கிக் கணக்கு, மருத்துவ விருப்பங்கள் எல்லாவற்றையும் ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து அவரே சொல்லட்டும். மறதி முற்றி, இரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கும் நிலை வந்தால், இதுவரை நான் சொன்ன எதுவும் போதாது. அப்போது இல்லம்தான் வழி, அதில் எந்த வெட்கமும் இல்லை. ஏபிஎச் என்று எல்லோரும் சொல்லும் ஆர்யன் பெனவலன்ட் ஹோம் 1921-இலிருந்து இருக்கிறது, சாட்ஸ்வர்த்திலேயே ஓர் இல்லம் நடத்துகிறது. அத்தை நன்றாக இருக்கும்போதே அங்கே ஒரு பண்டிகை நாளில் பார்வையாளராக அழைத்துப் போய்வாருங்கள். அவருடைய பழைய பள்ளித் தோழி யாராவது அங்கே இருக்கக்கூடும்.

அத்தை எந்தப் பகுதி என்று எழுதுங்கள். வெஸ்ட்கிளிஃப், பேவியூ பக்கம் என்றால் எங்கள் மன்றத்து வண்டி அந்த வழியாகத்தான் வருகிறது, பங்களாதேஷ் சந்தை அருகே ஏற்றிக்கொள்ளலாம். வேறு பகுதி என்றால் அங்கே எந்த நாளில் எங்கே கூடுகிறார்கள் என்று இந்தப் புதன்கிழமை கேட்டுவந்து இங்கேயே எழுதுகிறேன்.