கறிவேப்பிலைப் புழுவும் வறண்ட கொள்ளிடமும்

அன்புள்ள ஐயா,

வீட்டின் பின்னால் சின்னதாக ஒரு தோட்டம் வைத்திருக்கிறேன். கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, கொஞ்சம் கீரை. இந்த மாதம் கறிவேப்பிலையைப் புழு மொட்டையடித்துவிட்டது. மருந்து அடிக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. தினமும் காலையில் கொள்ளிடக் கரையில் நடப்பேன். தண்ணீர் ஓடியபோது கொக்கும் மீன்கொத்தியுமாக நன்றாக இருந்தது. இப்போது மே மாதம், வெறும் மணல்தான். தண்ணீர் வரும்வரை நடையை நிறுத்திவிடலாமா?

ச., ஸ்ரீரங்கம்

அன்புள்ள ச.,

மருந்து அடிக்காதீர்கள். நடையையும் நிறுத்தாதீர்கள்.

முதலில் புழு. கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் பொதுவாக வருபவை அழகி இனத்து வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். நாளைக் காலை ஒரு கிளையைக் கண்ணுக்கு அருகில் இழுத்துப் பாருங்கள். சின்னப் புழுக்கள் கறுப்பும் வெள்ளையுமாக, இலைமேல் விழுந்த பறவை எச்சம் மாதிரியே இருக்கும். எச்சத்தை எந்தப் பறவை கொத்தும்? கடைசித் தோலுரிப்புக்கு அப்புறம் அதே புழு இலைப் பச்சைக்கு மாறிவிடும். அப்போது ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பு ஒன்று வெளியே வரும், கூடவே ஒரு காரமான நெடி. எதிரியை விரட்ட அதனிடம் இருப்பது அவ்வளவுதான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

வளர்ந்த கறிவேப்பிலை மறுபடி துளிர்த்துவிடும், கவலை வேண்டாம். கன்று சின்னதாக இருந்தால் மட்டும் புழுக்களை இலையோடு கிள்ளி பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கறிவேப்பிலையில் வளரும் கறுப்பு அழகிகளில் ஒரு வகையில், பெண் பூச்சிகள் பல வேறொரு பூச்சியின் வேஷத்தில் பறக்கும். அந்த வேறொரு பூச்சி புழுவாக இருக்கும்போது ஆடுதீண்டாப்பாளை என்ற செடியைத் தின்று உடம்பில் நஞ்சு ஏற்றிக்கொண்டது. பறவைகள் அதைத் தொடாது. நம் பூச்சியிடம் நஞ்சு இல்லை, சிறகில் அதே வெள்ளையும் சிவப்பும் மட்டும் உண்டு. செம்பருத்தியில் வந்து அமரும்போது உடம்பைப் பாருங்கள். உடம்பு சிவப்பாக இருந்தால் நஞ்சுள்ளது. கறுப்பாக இருந்தால், அது உங்கள் கறிவேப்பிலையில் பிறந்ததாகவே இருக்கலாம்.

மருந்து அடித்தால் இவை மட்டும் போகாது. தையல்சிட்டு தன் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். தேன் குடிக்கிற தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் தேடிப் போகும். புழு இல்லாத தோட்டத்தில் கூடு கட்டி அவை என்ன செய்யும்?

சரி, ஆற்றுக்கு வருவோம். நீங்கள் வெறும் மணல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மணல்தான் இப்போது பிரசவ அறை. சிவப்பு மூக்கு ஆள்காட்டி மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை திறந்த தரையில் முட்டை வைக்கும். கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சின்னப் பள்ளம், சுற்றிலும் சில கூழாங்கல், பெரும்பாலும் நான்கு முட்டைகள். கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. உச்சி வெயிலில் தாயோ தந்தையோ தண்ணீர் தேங்கிய இடத்துக்குப் போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும், சூடு தணிய. இதை ஒருமுறை பார்த்துவிட்டால் மே மாதத்தை வெறும் மாதம் என்று சொல்ல மாட்டீர்கள்.

அதனால் மணலில் இறங்கி நடக்காதீர்கள். கரையிலேயே நில்லுங்கள். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால், நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வந்த வழியே திரும்பிவிடுங்கள். நாயைக் கூட்டிப்போனால் சங்கிலியை விடவே வேண்டாம். மணலுக்குள் வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. சக்கரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கரையின் செங்குத்தான மண் சரிவுகளில் சிறு துளைகள் இருக்கிறதா பாருங்கள். பச்சைப் பஞ்சுருட்டான் என்ற சின்னப் பறவை இந்தப் பருவத்தில்தான் உள்ளே குடைந்து முட்டையிடும். நடந்துகொண்டே பார்த்தால் தப்பிவிடும். கொஞ்சம் தள்ளி, மங்கலான நிறச் சட்டையில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். வாயில் தட்டானோடு ஒன்று வந்து துளைக்குள் நுழையும்.

நீர்நாயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காவிரியிலும் கொள்ளிடத்திலும் அவை உண்டு. ஆறு வற்றும்போது மீன்கள் மடுக்களில் ஒதுங்கும், அவற்றைத் தேடி நீர்நாய்க் கூட்டமும் அங்கே வரும். நாணல் அடர்ந்த மடுவின் ஓரத்தில் மீன் செதில் நிறைந்த எச்சம் கிடந்தால், அது அவற்றுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள், எனக்குக்கூட எழுத வேண்டாம்.

பக்கத்திலேயே மேலூரில், 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறதே, போயிருக்கிறீர்களா? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 25 ஏக்கர். எந்தப் பூச்சிக்கு எந்தச் செடி என்று அங்கே கேட்டுக்கொண்டு வாருங்கள். வேலி ஓரமாக இடம் இருந்தால் ஓர் எருக்கஞ்செடியை வெட்டாமல் விடுங்கள், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிட அது போதும்.

அன்புடன்