அம்மா இமோஜிகளைத் தவறாகப் போடுகிறார், எப்படித் திருத்துவது?

இரங்கல் செய்திக்கு உங்கள் அம்மா சிரித்துக்கொண்டே கண்ணீர் விடும் முகத்தைப் போட்டுவிட்டார், உறவினர்கள் வருத்தப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இருபத்தைந்துக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உங்கள் அம்மாவின் கட்சி.

அந்த ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். கண்ணாடி போடாமல் பார்த்தால் இரு பக்கமும் தெறிக்கும் நீலத் துளிகள்தாம் முதலில் கண்ணில் படும், பல் தெரியத் திறந்த வாய் படாது. கூப்பிய கைகளை அவர் கையாலேயே நாலு பேருக்கு அனுப்ப வையுங்கள். அண்மையில் பயன்படுத்திய படங்களின் வரிசையில் அது முன்னால் வந்துவிடும். அடுத்த முறை தேடித் திண்டாட மாட்டார்.

மற்றவற்றில் கை வைக்காதீர்கள். இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

அலுவலகத்தில் என் பிரிவில் இருக்கும் இளைஞர் ஒருவர் இரவில் விடுப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினார். என்ன காரணம், அவர் வேலையை யார் பார்த்துக்கொள்வார், எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். கட்டைவிரலை உயர்த்திய படத்தைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். சரி என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? மறுநாள் பார்த்தால் மனிதர் விடுப்பில் போகாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "மேடத்துக்கு என்மேல் கோபமா?" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் விசாரித்தும் இருக்கிறார். கூப்பிட்டுக் கேட்டேன். "வெறும் கட்டைவிரல் வந்தால் போய்த்தொலை என்பதுபோல இருக்கிறது மேடம்" என்றார். நான் குழுவில் சொன்ன ஒரு நகைச்சுவைக்கு மண்டை ஓடு அனுப்பியவர் இவர்தான்! சிரித்தே செத்துவிட்டேன் என்று பொருளாம். மண்டை ஓடு பாராட்டு, கட்டைவிரல் அவமரியாதை.

அவருக்குக் கனடா வழக்கு ஒன்றைச் சொன்னேன். சஸ்காச்சுவான் மாகாணத்தில் தானிய வணிக நிறுவனம் ஒன்று, ஆளி விதைக் கொள்முதல் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து விவசாயி ஒருவருக்கு அனுப்பி, உறுதி செய்யச் சொன்னது. அவர் கட்டைவிரலைப் போட்டார், விதையைக் கொடுக்கவில்லை. செய்தி கிடைத்தது என்பதற்காக மட்டுமே போட்டதாக வாதாடினார். 2023இல் நீதிபதி அதைக் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டு, சுமார் 82,000 கனடா டாலர் கொடுக்கச் சொன்னார்.

சட்டம் வேறு, நாகரிகம் வேறு என்று கருத்துப் பகுதியில் யாரும் கிளம்ப வேண்டாம், எனக்கும் தெரியும். அந்த நீதிபதி படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கும் அந்த விவசாயி ஓரிரு சொல்லில்தான் பதில் போட்டிருக்கிறார், விதையும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆளையும் பழைய பழக்கத்தையும் பார்த்தார்கள். என்னோடு தினமும் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பொருள் ஓரிடத்தில் நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2015இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது உங்கள் அம்மா போட்ட அதே படத்தைத்தான். இன்று அதைப் போட்டாலே வயதானவர் என்கிறார்கள். உங்கள் வயதுக்காரர்கள் சிரிப்பு வந்தால் ஓவென்று அழும் முகத்தைப் போடுகிறீர்கள். உங்கள் அம்மா அழுகைக்குச் சிரிப்பைப் போட்டார், நீங்கள் சிரிப்புக்கு அழுகையைப் போடுகிறீர்கள். இதில் யார் யாரைத் திருத்துவது? எல்லா இளைஞர்களையும் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

ஒரு கட்டைவிரலில் இவ்வளவு நுணுக்கம் பார்க்கிற இவர்கள், நாலு நிமிடக் குரல் பதிவை மட்டும் கூசாமல் அனுப்புகிறார்கள். கூட்டம் எத்தனை மணிக்கு என்ற ஒரே தகவல் கடைசியில் இருக்கும், அதுவும் காற்றுச் சத்தத்தில் மூழ்கியிருக்கும். எழுதினால் ஒரு வரி. இதற்கு யாரும் நாகரிகம் கற்றுக்கொடுப்பதாகத் தெரியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த உறவினர்களிடம் நீங்களே தொலைபேசியில் பேசி நடந்ததைச் சொல்லிவிடுங்கள். குடும்பக் குழுவில் எல்லோர் முன்னாலும் அம்மாவை மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள்.