இலவசத் தடுப்பூசியை வேண்டாம் என்பது பாவமா?

கேள்வி: சென்னையில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஏழை நாட்டுக் குழந்தைகளின் தடுப்பூசிக்காக மாதச் சம்பளத்தில் ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்ளச் சம்மதமா, அதே அளவு பணத்தை நிறுவனமும் போடும் என்று கேட்டார்கள். உடனே சம்மதித்துவிட்டேன். பக்கத்து இருக்கை நண்பர், "கம்பெனிக்காரங்க தர்மம் எல்லாம் விளம்பரம்தான். ஒரு மருந்து கம்பெனி பத்து லட்சம் தடுப்பூசியைச் சும்மா கொடுத்தப்போ டாக்டர்களே வேண்டாம்னுட்டாங்க, தெரியுமா?" என்கிறார். குழந்தைகள் சாகும்போது எப்படி வேண்டாம் என்று சொல்ல மனம் வரும்? பணம் கொடுக்கலாமா, நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: கொடுங்கள், சகோதரி. ஆனால் உங்கள் நண்பர் சொன்னதும் நடந்ததுதான். அதன் முழுக் கதையையும் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

2016 அக்டோபரில் நடந்தது அது. தருவதாகச் சொன்னது ஃபைசர், மறுத்தது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. போர் நடக்கும் ஊர்களிலும் அகதி முகாம்களிலும் வைத்தியம் பார்க்கிறவர்கள் அவர்கள். தடுப்பூசி, நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி. அன்று உலகில் அதைத் தயாரித்தவை ஃபைசர், ஜி.எஸ்.கே. என்ற இரண்டே நிறுவனங்கள். கேவி எனப்படும் தடுப்பூசிக் கூட்டணியின் மூலம் மிக ஏழை நாடுகளுக்கு ஒரு தவணை மூன்று டாலர் சொச்சத்துக்குக் கிடைத்தது. அந்தக் கூட்டணிக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த விலை கிடையாது. கிரீஸில் அகதிக் குழந்தைகளுக்குப் போட இதே மருத்துவர்கள் மருந்துக்கடையில் ஒரு தவணைக்கு 60 யூரோ கொடுத்து வாங்கினார்கள். ஒரு குழந்தைக்கு மூன்று தவணை வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்று தவணையும் சேர்த்து ஒரு குழந்தைக்கு 5 டாலருக்குத் தாருங்கள் என்று அவர்கள் பிரசாரமே நடத்தினார்கள். விலை குறையவில்லை, பதிலுக்கு இலவசமாகத் தருகிறோம் என்ற பேச்சுதான் வந்தது. 2014-இல் ஒரு முறை, நிரந்தர வழி ஒன்றைக் காண்போம் என்ற பேச்சின் பேரில், அப்படி வந்ததை வாங்கவும் செய்தார்கள். இரண்டு வருடம் ஆகியும் அந்த வழி வரவில்லை. அதனால்தான் அடுத்த பத்து லட்சத்தை வேண்டாம் என்றார்கள்.

அவர்கள் சொன்ன காரணங்களை நான் ஏற்கிறேன். தானமாக வரும் ஊசியை எந்த ஊரில், எந்தக் குழந்தைக்குப் போடலாம் என்பதில் பெரும்பாலும் கொடுப்பவரின் நிபந்தனை இருக்கும். கொடுப்பவர் மனம் மாறினால் அதோடு சரி. ஆனால் குழந்தைகள் வருடா வருடம் பிறக்கிறார்கள். இந்த வருடம் பிறந்தவனுக்கு ஊசி உண்டு, அடுத்த வருடம் பிறக்கப்போகும் தங்கைக்கு இல்லை என்றால் அதை எப்படி ஏற்பது? அப்புறம், மலிவாக ஒரு ஊசி தயாரிக்கலாம் என்று நினைக்கும் மூன்றாவது நிறுவனமும், சந்தையில் ஒரு பங்கு இலவசத்தால் நிரம்பியிருப்பதைப் பார்த்துத் தயங்கும். 'நாங்கள்தான் இலவசமாகவே தருகிறோமே' என்ற ஒரு வரியைக் காட்டி, மற்ற எல்லோருக்கும் பழைய விலையையே வைத்துக்கொள்ளவும் முடியும்.

நீங்கள் கேட்டது இன்னும் மிச்சம் இருக்கிறது. பத்து லட்சம் ஊசி என்றால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர்களுக்கு என்ன பதில்? நிமோனியாவில் மூச்சுக்குத் திணறும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறோம், இதை லேசாக எடுத்த முடிவாக நினைக்காதீர்கள் என்று அந்த அமைப்பே சொன்னது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் எனக்கும் கை நடுங்கியிருக்கும். கொள்ளைநோய் வெடித்த முகாமில் வாசலில் வந்து நிற்கும் மருந்தைத் திருப்பி அனுப்பு என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். இங்கே நிலைமை வேறு: ஊசி இருந்தது, வாங்கவும் ஆட்கள் தயாராக இருந்தார்கள், தடுத்தது விலை மட்டும்தான். அதனால் அந்த மறுப்பு சரி என்றே நினைக்கிறேன்.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஜி.எஸ்.கே.யும், மறுப்பு வெளியான அடுத்த மாதமே ஃபைசரும், நெருக்கடிப் பகுதிகளில் வேலை செய்யும் அமைப்புகளுக்குத் தங்கள் மிகக் குறைந்த விலையிலேயே தர ஒப்புக்கொண்டன. இதற்கு அந்த ஒரு மறுப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பின்னால் பல வருடப் பிரசாரம் இருந்தது. 2019 டிசம்பரில் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த நியூமோகாக்கல் ஊசிக்கு உலக சுகாதார நிறுவனம் தகுதிச் சான்று கொடுத்தது. ஏழை நாடுகளுக்கு ஒரு தவணை 2 டாலருக்குத் தர ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டின் அரசுத் திட்டத்தில் 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கிய இந்த ஊசி, 2021-இல் நாடு முழுவதும் வந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிப் போனால் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணையும் காசில்லாமல் போடுகிறார்கள். இதே ஊசிக்குத் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

உங்கள் நண்பரிடமும் ஒன்று சொல்லுங்கள். எல்லா நிறுவன தர்மமும் விளம்பரம்தான் என்று ஒரே கோடாகக் கிழிப்பது நியாயம் இல்லை. ஆப்பிரிக்காவில் ஆற்றோர கிராமங்களில் கறுப்பு ஈக்களால் பரவி, மெல்ல மெல்லக் கண்ணைக் குருடாக்கும் ஒரு நோய் உண்டு. அதற்கான மாத்திரையை, தேவைப்படும் அளவுக்கு, தேவைப்படும் காலம் வரை இலவசமாகத் தருவோம் என்று 1987-இல் மெர்க் நிறுவனம் அறிவித்தது. அந்த மருந்து நோய்க்குக் காரணமான புழுவின் குஞ்சுகளைத்தான் கொல்லும். தாய்ப்புழு உடம்புக்குள் பத்து வருடத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும் என்பதால் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள், இன்றும் கொடுக்கிறார்கள். தென் அமெரிக்காவிலும் அந்த நோய் இருந்தது; 2013-இல் அங்குள்ள கொலம்பியா அதை ஒழித்த முதல் நாடானது. மெர்க்கின் தானத்துக்குக் கால வரம்பு கிடையாது, இத்தனை பேருக்குத்தான் என்ற அளவும் கிடையாது. காசு கொடுத்து வாங்க அந்தக் கிராமங்களில் யாருக்கும் வசதியும் இல்லை. கால்நடைகளுக்கான அதே மருந்தில் மெர்க் நிறைய சம்பாதித்தது. அதனால் இந்தத் தானத்தின் மதிப்பு குறைந்துவிடாது.

பணத்தைக் கொண்டு இதைவிட நல்ல வேலையும் செய்ய முடியும். ஆப்பிரிக்காவில் மூளைக்காய்ச்சல் அடிக்கடி பரவும் நாடுகளுக்கென, 'ஏ' வகை மூளைக்காய்ச்சலுக்கு எதிராக ஒரு தடுப்பூசியை உருவாக்க 2001-இல் கேட்ஸ் அறக்கட்டளை 7 கோடி டாலர் கொடுத்தது. ஒரு தவணை அரை டாலரைத் தாண்டக் கூடாது என்று விலையை முதலில் முடிவு செய்தார்கள், அப்புறம்தான் ஊசியைத் தயாரித்தார்கள். 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் பெரிய அளவில் போடத் தொடங்கினார்கள். அந்த வகை மூளைக்காய்ச்சல் இன்று அங்கே ஏறக்குறைய காணாமல் போய்விட்டது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். உங்கள் பணம் எங்கே போகிறது என்று அலுவலகத்தில் கேளுங்கள். டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கும் யுனிசெஃப் போன்ற அமைப்புக்குப் போனால் நல்லது. உலகக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தடுப்பூசி வாங்குவது அவர்கள்தான். ஒரே நிறுவனத்தின் சரக்கை வாங்கிக் கொடுக்கும் திட்டமா, எத்தனை வருடத்துக்கு, குளிர்ப்பெட்டிக்கும் செவிலியரின் பயணப்படிக்கும் அதில் பணம் உண்டா என்றும் கேளுங்கள். காலாவதித் தேதி நெருங்கிய சரக்காக இருக்கக் கூடாது. 2021 டிசம்பரில் நைஜீரியா பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொரோனா ஊசிகளைக் குப்பையில் கொட்டி அழித்தது. பணக்கார நாடுகள் கடைசி நேரத்தில் தள்ளிவிட்டவை அவை.

இவற்றை மனிதவளத் துறைக்கு எழுத்து மூலமாகவே அனுப்புங்கள். பதில் வரும்வரை சம்பளப் பிடித்தத்தை நிறுத்த வேண்டியதில்லை. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அதை ரத்து செய்துவிட்டு, அதே தொகையை நேராக யுனிசெஃபுக்கு அனுப்புங்கள்.