மயிலின் கழுத்து

அன்புள்ள அக்கா,

எங்கள் அம்மன் கோயில் திருவிழாவுக்காக ஒரு சுவர்ச்சீலை தைக்கிறேன். கருஞ்சிவப்பு வெல்வெட்டில் மயில், சுற்றிலும் தாமரை. கலகா என்ற பர்மியச் சுவர்ச்சீலைகள் மண்டலேயில் தைப்பார்களே, அவற்றில் யானையும் குதிரையும் புடைத்து நிற்குமே, அப்படி வர வேண்டும் என்று பஞ்சைத் திணித்தேன். உடம்பு கட்டி கட்டியாக இருக்கிறது. கழுத்து சுருங்கிவிட்டது. தாமரை இதழ்கள் எழும்பவே இல்லை. பசை போட்டு நிறுத்தலாமா?

வாசகி, மோல்மேன்

அன்புள்ள தங்கைக்கு,

பசை மட்டும் வேண்டாம். மோல்மேன் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பசை வெல்வெட்டில் ஊறிக் கறையாகிவிடும், பூஞ்சையும் பிடிக்கும்.

கழுத்து சுருங்கியதற்குக் காரணம் பஞ்சு இல்லை, துணி. வரைந்த கோட்டின் அளவுக்கே வெட்டியிருப்பீர்கள். பஞ்சு எழும்பும்போது அதை மூடத் துணி கூடுதலாக வேண்டுமே! போதாவிட்டால் அது வெல்வெட்டைப் பிடித்து இழுக்கும். சுற்றிலும் ஒரு விரற்கடை விட்டு வெட்டி, வளைவுகளில் சின்னதாகக் கத்தரி கொடுத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தையுங்கள். கழுத்தும் உடம்பும் தனித்தனித் துண்டாக இருக்கட்டும்.

மண்டலேயில் ஒரு பட்டறையில் வயதான அம்மா ஒருவர் யானை தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மரச்சட்டத்தில் துணி விறைப்பாகக் கட்டியிருந்தது. யானையின் ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, மூங்கில் குச்சியால் பஞ்சை உள்ளே தள்ளினார். உருண்டையாக ஒருமுறைகூட வைக்கவில்லை. பூப்போலப் பிய்த்து, சிட்டிகை சிட்டிகையாக, முதலில் மூலைகளுக்கு, கடைசியில் நடுவுக்கு. ஒவ்வொரு சிட்டிகைக்கும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அப்புறம் தும்பிக்கையில் குறுக்கே நூலை அடித்துணி வரை இறக்கி இழுத்தார். மடிப்பு மடிப்பாகத் தும்பிக்கை உயிரோடு வந்துவிட்டது. உங்கள் மயிலின் இறக்கைக்கும் இதே தையல்தான்.

இலவம்பஞ்சு ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, ஆனால் மெல்லிய துணி வழியாக வெளியே வரும். நெருக்கமாக நெய்த துணியாகப் பாருங்கள்.

இதழுக்குப் பஞ்சே வேண்டாம். இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, அடிப்பக்கம் தவிரத் தைத்து, புரட்டுங்கள். அடியில் நூலோட்டிச் சுருக்குங்கள். அந்தச் சுருக்கம்தான் இதழைக் குழித்து நிமிர்த்தும். சீலையில் அடிப்பக்கத்தை மட்டும் தையுங்கள், நுனியைத் தொடாதீர்கள்.

ஜரிகை கடைசியில். அதைத் துணிக்குள் ஏற்றி இறக்காமல் ஓரத்தின் மேலே படுக்க வைத்து, மெல்லிய நூலால் இடைவிட்டுப் பிடியுங்கள். நுனிகளை மட்டும் பின்னால் இழுத்துக் கட்டுங்கள். மடித்துத் தைத்த ஓரம் அதில் மறைந்துவிடும்.

கலகா அரண்மனைக்கும் மடாலயத்துக்கும் மட்டும் உரியது என்று தயங்க வேண்டாம். பெயரிலேயே நாம் இருக்கிறோம்: கலா என்று பர்மியர் சொல்வது இந்தியர்களான நம்மைத்தான். கா என்றால் திரை. தஞ்சாவூர்த் தேர்களில் தொங்கும் தொம்பையும் துணியை வெட்டித் துணிமேல் தைத்ததுதானே? அம்மன் சந்நிதியில் இது தொங்குவதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சரி, கழுத்தைப் பிரிக்கும்போது நூலை மட்டும் வெட்டுங்கள். வெல்வெட்டை இழுக்க வேண்டாம். பழைய ஊசித்துளைகள் புதுக் கழுத்தின் அடியில் போய்விடும்.